எந்தக் கட்டிலுக்கு முதலில்?



மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். மாமனாரை இங்கே திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இரவில் துணைக்கு இருந்திருக்கிறார். நடுராத்திரியில் டிரிப் பாட்டில் தீர்ந்துபோனது. நர்ஸைக் கூப்பிட்டார், வரவில்லை. மறுபடி போய்க் கூப்பிட்டார். ‘இதோ வருகிறேன்’ என்ற பதில் மட்டும் வந்தது. அந்த நர்ஸோ, கோடிக் கட்டிலில் முனகல்கூட இல்லாமல் படுத்திருந்த ஒரு பெரியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாராம். கூப்பிடுகிறவர்களை விட்டுவிட்டுக் கூப்பிடாதவரிடம் போய் நிற்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்.

அந்தப் பதற்றம் புரிகிறது. பாட்டில் காலியாவதைப் பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு நிமிடமும் நீளும். ரத்தக்குழாய்க்குள் காற்று போய்விடுமோ என்ற பயம் வேறு. ஆனாலும் அந்த நர்ஸ் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். மே 12 உலகச் செவிலியர் நாள். வாழ்த்துச் செய்தி எழுதுவதற்குப் பதிலாக, இந்த ஒரு கேள்விக்கு விடை எழுதினால் வாசகர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

நாகர்கோவில், தக்கலை, களியக்காவிளை, செங்கோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்காக இந்த நகரத்துக்கு வருகிறோம். 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, அந்த வளாகத்திலேயே இருக்கும் ஸ்ரீ சித்திரா, மண்டலப் புற்றுநோய் மையம், தாய் சேய்களுக்கான எஸ்.ஏ.டி. மருத்துவமனை என்று இடங்களின் பெயர் நமக்கு மனப்பாடம். வருவது டாக்டர் பெயரைக் கேட்டு. ஆனால் டாக்டர் நம் கட்டிலருகே நிற்பது சில நிமிடங்கள். ராத்திரியும் பகலும் நம்மைக் கண்ணில் வைத்திருப்பவர் நர்ஸ். அவர் என்ன பார்க்கிறார், எதை வைத்து முடிவு செய்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார், பிபி பார்ப்பார் என்ற அளவில் நின்றுவிடுகிறோம்.

என் சித்தி அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாசகியின் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சத்தம் போடுகவருக்கு சுவாசம் இருக்குல்லா மக்ளே. சத்தம் இல்லாதவரைத்தான் முதல்ல போய்ப் பாக்கணும்” என்றார். நர்சிங் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அதற்கடுத்து ரத்த ஓட்டம், மற்றதெல்லாம் பிறகு.

ஒரு வார்டை மனதில் கொண்டு வாருங்கள். ராத்திரி 2 மணி. நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் நர்ஸ் தேவைப்படுகிறது. ஒருவருக்கு டிரிப் தீர்ந்துவிட்டது. இன்னொருவருக்கு ஆபரேஷன் செய்த இடம் வலிக்கிறது, வாய்விட்டுக் கத்துகிறார். மூன்றாமவர் எண்பதைத் தொட்ட தாத்தா, சிறுநீர் கழிக்கப் போக வேண்டும் என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். நான்காமவருக்கு முந்தின நாள் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. போர்வையை இழுத்து இழுத்து விடுகிறார், அவ்வளவுதான்.

நர்ஸ் நான்காமவரிடம் போகிறார். போகிற வழியில் தாத்தாவின் பைஸ்டாண்டரை எழுப்பி, யூரினலை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார், தனியாக இறங்க விடாதீர்கள் என்கிறார். (துணைக்கு இருப்பவரைக் கேரள மருத்துவமனைகளில் பைஸ்டாண்டர் என்றுதான் அழைப்பார்கள்.) கத்துகிறவரிடம், கடைசியாக வலி ஊசி போட்டது எத்தனை மணிக்கு என்பது தனக்குத் தெரியும், பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்கிறார். டிரிப்பை இப்போதைக்கு விட்டுவிடுகிறார். தொங்கவிட்ட பாட்டில் தீர்ந்தால், குழாயில் நீர் ஓரளவு இறங்கி அங்கேயே நின்றுவிடும். ரத்தம் கொஞ்சம் ஏறி ஊசி அடைத்துக்கொள்ளலாம். அப்படியானால் வேறு இடத்தில் குத்த வேண்டி வரும். தொல்லைதான், உயிருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. தாத்தா கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது டிரிப்பைவிடப் பெரிய விபரீதம். அதனால்தான் யூரினலுக்கு முதல் அரை நிமிடம் கிடைத்தது.

நான்காமவரின் கட்டிலருகே அவர் முதலில் செய்வது, நோயாளியின் மார்பைப் பார்த்தபடி நிற்பது. கடிதம் எழுதிய வாசகி பார்த்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன். சும்மா நிற்பதுபோலத் தெரியும், மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி. உடம்புக்குள் ஏதோ கெட்டுப்போகத் தொடங்கும்போது பிபி இறங்குவதற்கு வெகுநேரம் முன்பே மூச்சின் வேகம் கூடிவிடுவது உண்டு. இத்தனை முக்கியமான இந்தக் கணக்கைத்தான் உலகம் முழுக்க மருத்துவமனைகள் அலட்சியம் செய்கின்றன. வேலை நெருக்கடியில் வார்டு முழுக்க எல்லார் சார்ட்டிலும் 20 என்று எழுதிவிடுவது பல நாடுகளில் நடக்கிறது. ஒரு நிமிடம் நின்று எண்ணுகிற நர்ஸைக் கண்டால் சந்தோஷப்பட வேண்டும்.

இங்கிலாந்தின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறிய ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிபி, நாடித்துடிப்பு, சுய நினைவு, காய்ச்சல் என்று ஆறு விஷயங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தடம் மாறியிருக்கிறதோ அதற்கேற்ப 0 முதல் 3 வரை மதிப்பெண். ஆக்சிஜன் வைத்திருந்தால் அதற்கு இன்னும் 2. மொத்தம் 7 ஆனால் உடனே டாக்டர் வந்தாக வேண்டும். மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலே அதற்கு 3 மதிப்பெண். 2017-இல் திருத்தியபோது, புதிதாக ஏற்பட்ட மனக்குழப்பத்தையும் சேர்த்தார்கள்; அதற்கும் 3.

இந்த ‘புதிதாக’ என்பதில்தான் வீட்டுக்காரர்களின் பங்கு வருகிறது. பெரியவர் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசுகிறார். எப்போதும் இப்படித்தானா, இன்று ராத்திரிதான் இப்படியா? முந்தாநாள் வரை அவரைப் பார்த்திராத நர்ஸுக்கு எப்படித் தெரியும்? மருமகளுக்குத் தெரியும். “சிஸ்டர், மாமா இப்படிப் பேசுகிற ஆள் இல்லை, சாயங்காலம் நல்லாத்தான் இருந்தாங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால், எந்தக் கருவியாலும் காட்ட முடியாத ஒன்றைச் சொன்னதாக ஆகும்.

அடுத்தது டாக்டரைக் கூப்பிடுவது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனிடம் ‘நோயாளி சரியில்லை’ என்றால், ‘காலையில் பார்க்கலாம்’ என்ற பதில் வரக்கூடும். கைதேர்ந்த நர்ஸ் அப்படிச் சொல்ல மாட்டார். அவர் சொல்வது இப்படி இருக்கும்: ஆறாம் கட்டில், 68 வயது, நேற்று குடலில் ஆபரேஷன். மூச்சு 28, ஆக்சிஜன் 91, பிபி 96, துடிப்பு 118. பத்து மணிக்குத் தெளிவாகப் பேசினார், இப்போது குழறுகிறார். நிலை மோசமாகிறது என்பது என் கணிப்பு. நீங்கள் உடனே வர வேண்டும். நிலவரம், பின்னணி, தன் கணிப்பு, தன் கோரிக்கை என்ற வரிசை இது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பழகி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த முறை என்பார்கள். ‘என் கணிப்பு இது’ என்று நர்ஸ் சொல்வதற்கு அங்கே ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

இதையெல்லாம் விதியாக எழுதி மாட்டிவிட்டால் யாரும் செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். விதி ஒன்று சொல்லும், முன்னால் கிடக்கும் ஆள் வேறொன்று சொல்வார். காலை 8 மணிக்கு இன்சுலின் என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது. இட்லி இன்னும் வரவில்லை. நோயாளிக்கு ராத்திரியிலிருந்து வாந்தி. எழுதியபடி போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். நல்ல நர்ஸ் ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் சுகர் பார்ப்பார், சாப்பாடு வந்ததா என்று கேட்பார், டாக்டரிடம் பேசுவார். இதய நோயாளிக்கு டிகாக்சின் மாத்திரை கொடுக்கும் முன் நாடியை ஒரு நிமிடம் எண்ணுவார். 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து டாக்டருக்குச் சொல்வார். ரத்தம் ஏற்றத் தொடங்கினால் முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகரமாட்டார், ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தலைகாட்டிவிடும் என்பதால். அந்த 15 நிமிடத்தில் வேறு எந்தக் கட்டிலிலிருந்து கூப்பிட்டாலும் அவரால் வர முடியாது.

அமெரிக்கரான பாட்ரிசியா பென்னர் 1984-இல், புதிய செவிலியர் எப்படிப் படிப்படியாகத் தேர்ந்தவர் ஆகிறார் என்று ஐந்து நிலைகளாகப் பிரித்து ஒரு நூல் எழுதினார். தொடக்கத்தில் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், ஆண்டுகள் போகப்போக நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில் ‘இது சரியில்லை’ என்று உணர்ந்துவிடுகிறார்கள்; எண்கள் பிறகு வந்து அதை உறுதி செய்கின்றன. சித்தி இதை வேறு மாதிரி சொன்னார். “வார்டுக்குள்ள கால் வைக்கும்போதே தெரிஞ்சிரும் மக்ளே, இன்னைக்கு எந்தக் கட்டில் நம்மள உக்கார விடாதுன்னு.” அதைக் கைராசி என்று விட்டுவிட முடியாது. ஆயிரக்கணக்கான முகங்களைப் பார்த்துப் பார்த்துச் சேர்ந்த அறிவு அது.

இந்த அறிவுக்கு நாம் உரிய மரியாதை கொடுக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம். 1906-இல் ஸ்விட்சர்லாந்திலிருந்து ஹோலி கிராஸ் சகோதரிகள் திருவிதாங்கூர் அரசு மருத்துவமனைகளுக்குப் பணிசெய்ய வந்தார்கள். அவர்களைப் பார்த்து வளர்ந்த இந்த மண்ணில் நர்சிங் என்றால் தொண்டு, தியாகம் என்ற எண்ணம் ஊறிக் கிடக்கிறது. பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பார்த்து, தானும் அதே காய்ச்சலுக்கு 2018 மே 21 அன்று பலியான நர்ஸ் லினியை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது. அந்தத் தியாகத்தைப் போற்றத்தான் வேண்டும். ஆனால் தெய்வம், தேவதை என்று சொல்லிச் சொல்லி அவர்களுடைய மூளையை மறந்துவிடுகிறோம். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கையில் விளக்கோடுதான் நமக்குக் காட்டினார்கள். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த வீரர்கள்தான் அதிகம் என்று கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்தையே அசைத்தவர் அவர். அந்தப் படத்தை எந்தப் பள்ளியிலாவது மாட்டியிருக்கிறார்களா?

திருவனந்தபுரத்தில் நர்ஸின் தீர்மானம் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பார்க்க மருத்துவமனைக்குள் நுழையக்கூட வேண்டாம். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் 2003-இல் தொடங்கிய பாலியம் இந்தியா என்ற வலி தணிப்புச் சிகிச்சை அமைப்பு இங்கிருந்துதான் இயங்குகிறது. போதைமருந்துச் சட்டத்தை 2014-இல் திருத்தி, வலியில் துடிப்பவர்களுக்கு மார்ஃபின் கிடைக்க வழி திறந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கேரள அரசு 2008-இல் வலி தணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். இன்று கிராமங்களில் வீடுவீடாக வருகிற பாலியேட்டிவ் சிஸ்டரை எல்லாருக்கும் தெரியும். பையில் கொஞ்சம் மருந்து, கட்டுத்துணி, கதீட்டர். டாக்டர் பக்கத்தில் இல்லை. என்ன முதலில் என்பதை அவரே அந்தத் திண்ணையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

புற்றுநோய் முற்றிய ஒருவர் மார்ஃபின் சாப்பிடுகிறார். இரண்டு நாளாகப் பேதி என்று வீட்டார் மலமிளக்கியை நிறுத்திவிட்டார்கள். கேட்டால் நமக்கும் அதுதான் சரி என்று படும். சிஸ்டருக்கு அங்கேயே சந்தேகம் வரும். மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலம் கட்டுவது வழக்கம்; கட்டிக் கிடக்கும் மலத்தைச் சுற்றி நீர் மட்டும் கசிந்து வருவதைப் பேதி என்று நினைத்துவிடுவார்கள். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், அடைப்பை எடுப்பார், மலமிளக்கியை மறுபடி தொடங்கச் செய்வார். இன்னொரு வீட்டில் கிழவர் ராத்திரி முழுக்க அமைதியில்லாமல் புரள்கிறார், புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் அழுகிறான். அடிவயிற்றில் கை வைத்தால் மூத்திரப்பை கல்லாட்டம் இருக்கும். கதீட்டர் போட்டதும் அவர் தூங்கிவிடுவார். தூக்க மாத்திரை கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அழுகிய புண்ணின் நாற்றத்தால் யாரும் உள்ளே வராத அறைகள் உண்டு. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினால் நாற்றம் வெகுவாகக் குறையும். புண் ஆறப்போவதில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் அறைக்குள் வருவார்கள். எத்தனையோ செய்ய வேண்டியிருக்கும் அந்த வீட்டில், அதை முதலில் செய்யத் தோன்றுகிறதே, அதைத்தான் நான் அறிவு என்கிறேன். சில வீடுகளில் நோயாளி ஓரளவு நன்றாக இருப்பார். பல நாள் தூங்காத மனைவிதான் விழுந்துவிடும் நிலையில் இருப்பார். சிஸ்டர் அவரிடம்தான் அதிக நேரம் பேசிவிட்டுப் போவார்.

இனி, எண்ணிக்கையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. எவ்வளவு தேர்ந்த நர்ஸாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மார்பைப் பார்த்துத்தான் மூச்சு எண்ண முடியும். லிண்டா எய்க்கனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலும், ஆபரேஷன் முடிந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஐரோப்பிய நாடுகளில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டபோதும் அதே 7 சதவீதம்தான் வந்தது. நம் வார்டுகளில் ராத்திரி ஒரு நர்ஸ் எத்தனை கட்டிலைச் சுமக்கிறார் என்பதை நீங்களே கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

கேரளத்து நர்ஸுகள் 2011-க்குப் பிறகு தெருவில் இறங்கிப் போராடித்தான் சம்பளத்தை உயர்த்திக்கொண்டார்கள். தனியார் மருத்துவமனைகளில் குறைந்தபட்சம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது 2018 ஏப்ரலில். கையெழுத்துப் போட்டு வாங்கும் தொகை ஒன்று, கையில் கிடைப்பது வேறொன்று என்ற புகார்கள் அதற்கு முன்பு ஏராளம். வேலை தேறிய கையோடு வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பிவிடுகிறார்களே என்று வருத்தப்படுகிறோம். பார்த்த மாத்திரத்தில் ஆபத்தை அறியும் அந்தக் கண் உருவாக ஆண்டுகள் ஆகும். உருவானதும் அது போய்விடுகிறது என்றால், தங்கவைக்க நாம் என்ன செய்தோம் என்று மருத்துவமனை நடத்துகிறவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மார்த்தாண்டம் வாசகிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூப்பிட்டது தப்பே இல்லை. இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற 13 வயதுச் சிறுமி, பெற்றோர் கவலையோடு சொன்னதை மருத்துவமனையில் காதில் போட்டுக்கொள்ளாத நிலையில் இறந்துபோனாள். அவள் பெயரால் 2024 முதல் அங்கே ‘மார்த்தா விதி’ நடைமுறைக்கு வந்திருக்கிறது. நோயாளியின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் நினைத்தால், வேறொரு மருத்துவக் குழு வந்து பார்க்கும்படி அவர்களே கோரலாம். நம் ஊரிலும் அப்படியொரு ஏற்பாடு வர வேண்டும். அதுவரை, கூப்பிடும்போது எதற்காக என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘சிஸ்டர், வாங்க’ என்பதைவிட ‘சிஸ்டர், டிரிப் தீர்ந்துவிட்டது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார்’ என்று சொன்னால், எந்தக் கட்டிலுக்கு முதலில் போவது என்று முடிவெடுக்க அவருக்கு அது உதவும். மூச்சு வேகமாக வாங்குகிறது, பேச்சு மாறிவிட்டது, எழுப்பினால் எழவில்லை, உடம்பு வியர்த்துச் சில்லிட்டிருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். அவர் யார் பக்கத்தில் நின்றாலும் சத்தமாகவே கூப்பிடுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் மருத்துவமனையில், அரசுடையதோ தனியாருடையதோ, ராத்திரி ஒரு வார்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் என்று இந்த மாதம் விசாரித்து எங்களுக்கு எழுதுங்கள். மருத்துவமனையின் பெயர் இல்லாமல் எழுதினாலும் சரி. வருகிற கடிதங்களைத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்